லினக்ஸில் இரையும் ஃபேனை அடக்குவது: காரணம் கண்டுபிடிப்பதிலிருந்து வேகக் கட்டுப்பாடு வரை

கணினியின் ஃபேன் காரணமில்லாமல் இரைவதில்லை. எங்கோ சூடு ஏறுகிறது, அல்லது சூடு ஏறியதாக ஒரு சென்சார் சொல்கிறது, அல்லது ஃபேனே தேய்ந்துவிட்டது. இதில் எது என்று பார்க்காமல் நேரே வேகத்தைக் குறைக்கும் மென்பொருளைத் தேடி நிறுவுவதுதான் பலரும் செய்வது. சத்தம் அடங்கும். சிபியு 95 டிகிரியில் வெந்துகொண்டிருக்கும். ஆகவே இந்த வழிகாட்டியின் முதல் பாதி முழுக்க நோய் கண்டறிதல்தான். கட்டுப்பாடு அதற்கு அப்புறம்.

ஒரு சின்ன விஷயம்: கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் வாயால் சொல்வதுபோலத் தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் ஆங்கில எழுத்தில்தான் அடிக்க வேண்டும். முதல் சில எழுத்துகளை அடித்து டேப் விசையைத் தட்டினால் மீதியை அதுவே நிரப்பிக்கொள்ளும்.

முதலில் காதைக் கொடுங்கள்

எல்லாச் சத்தமும் ஒன்றல்ல. 'ஹோ'வென்று காற்று இரைவது வேகத்தால் வருவது. மென்பொருளால் சரிசெய்யக்கூடியது பெரும்பாலும் இது ஒன்றுதான். கரகரவென்று அரைப்பதுபோல் கேட்டால், குறிப்பாகக் குளிர்ந்த நிலையில் ஆன் செய்தவுடன் அதிகமாகவும் போகப்போகக் குறைவாகவும் கேட்டால், பேரிங் போய்விட்டது. விலை குறைந்த ஃபேன்களில் இருக்கும் ஸ்லீவ் பேரிங்கில் எண்ணெய் வற்றுவதால் வரும் சத்தம் இது. என்ன கட்டளை போட்டாலும் இது தீராது, ஃபேனை மாற்ற வேண்டியதுதான். 'டிக் டிக்' என்று சீராகக் கேட்டால் ஏதோ ஒரு வயர் இறக்கையில் உரசுகிறது. இரண்டு ஃபேன்கள் கிட்டத்தட்ட ஒரே வேகத்தில், ஆனால் சரியாக ஒரே வேகத்தில் இல்லாமல் சுற்றினால், ரீங்காரம் ஏறி இறங்கி அலைபோலக் கேட்கும். ஒன்றை நிமிடத்துக்கு 100 சுற்று கூட்டியோ குறைத்தோ வைத்தால் அது போய்விடும்.

இன்னொரு வகை உண்டு. உலாவியில் ஒரு பக்கத்தை வேகமாக நகர்த்தும்போதோ விளையாட்டைத் திறக்கும்போதோ 'கீ' என்று கொசுச் சத்தம்போல் வந்தால் அது ஃபேனே அல்ல. மின்சுற்றில் உள்ள காயில்கள் அதிர்வதால் வருவது. ஃபேன் அமைப்புகளில் மணிக்கணக்கில் தலையை விட்டும் பலன் இல்லை என்பவர்களில் சிலருக்கு உண்மையான பிரச்சினை இதுதான்.

டெஸ்க்டாப்பில் எந்த ஃபேன் என்று கண்டுபிடிக்க, காகிதத்தைக் குழலாகச் சுருட்டி ஒரு முனையைக் காதில் வைத்து ஒவ்வொரு ஃபேனுக்கும் அருகில் கொண்டுபோய்க் கேளுங்கள். அப்படியும் தெளிவாகத் தெரியவில்லை என்றால், கணினியை அணைத்து ஒரு கேபினட் ஃபேனின் கனெக்டரைக் கழற்றிவிட்டு ஆன் செய்து பாருங்கள். கேபினட் ஃபேன் ஒன்று ஐந்து நிமிடம் ஓடாவிட்டால் ஒன்றும் ஆகாது. சிபியு ஃபேனை இப்படிக் கழற்ற வேண்டாம். சத்தம் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி) வந்தால் லினக்ஸால் செய்யக்கூடியது எதுவும் இல்லை; சாதாரண எஸ்எம்பிஎஸ் தன் ஃபேனைத் தானே பார்த்துக்கொள்ளும், அதன் வேகம் சென்சார்களிலும் தெரியாது. அதைத் திறக்கவும் வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர்களில் ஷாக் அடிக்கும் அளவுக்கு மின்சாரம் தங்கியிருக்கும்.

சென்சார்கள் என்ன சொல்கின்றன

உபுண்டு, டெபியன் வகைகளில் 'எல்எம்-சென்சார்ஸ்' என்ற தொகுப்பை நிறுவுங்கள். ஃபெடோராவிலும் ஆர்ச்சிலும் நடுவில் இடைக்கோடுக்குப் பதில் அடிக்கோடு. நிறுவியதும் ரூட் (நிர்வாகி) உரிமையோடு 'சென்சார்ஸ்-டிடெக்ட்' கட்டளையை ஓட்டுங்கள். அது கேட்கும் கேள்விகளுக்கு வெறும் என்டர் தட்டிக்கொண்டே போகலாம். ஆபத்தான சோதனைகளுக்கு அதுவே 'வேண்டாம்' என்று வைத்திருக்கும். ஆனால் கடைசிக் கேள்வியில் கவனம் வேண்டும். கண்டுபிடித்த டிரைவர் பெயரைக் கோப்பில் சேர்க்கவா என்று கேட்கும்போது டெபியன் வகைகளில் இயல்பான விடை 'இல்லை'. அங்கே மட்டும் 'யெஸ்' என்று முழுச் சொல்லாக அடிக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு என்டர் தட்டினால், கணினியை மறுதொடக்கம் செய்த பிறகும் ஒன்றும் மாறியிருக்காது.

அப்புறம் 'வாட்ச்' கட்டளையோடு சேர்த்து ஒரு விநாடிக்கு ஒருமுறை சென்சார்களைப் பாருங்கள்:

வாட்ச் -என் 1 சென்சார்ஸ்

இன்டெல் சிபியு என்றால் 'கோர்டெம்ப்' என்ற தலைப்பிலும், ஏஎம்டி என்றால் 'கே10டெம்ப்' என்ற தலைப்பிலும் சிபியு சூடு தெரியும். ஏஎம்டியில் 'டிசிடிஎல்' என்று ஒரு மதிப்பு வரும். அது ஃபேன் கட்டுப்பாட்டுக்கென்று சிபியு தரும் எண்; எல்லா மாடல்களிலும் உண்மையான சூடாகவே இருக்க வேண்டியதில்லை. ரைசன் 7 1700எக்ஸ், 1800எக்ஸ் இரண்டிலும் அது நிஜத்தைவிட 20 டிகிரி கூடுதலாகக் காட்டும்படியே வடிவமைத்திருந்தார்கள். பழைய ரைசன் வைத்திருப்பவர்கள் அதைப் பார்த்துப் பதற வேண்டாம், பக்கத்தில் 'டிடை' என்று இருப்பதுதான் உண்மையான சூடு.

சிபியு சூடு தெரிகிறது, ஃபேன் வேகம் ஒன்றுகூடத் தெரியவில்லை என்பது டெஸ்க்டாப்பில் அடிக்கடி நடப்பது. ஃபேன் வேகத்தைப் படிப்பது சிபியு அல்ல, மதர்போர்டில் இருக்கும் சூப்பர் ஐஓ என்ற தனிச் சிப். பெரும்பாலும் நுவோட்டன் அல்லது ஐடிஈ நிறுவனத்தின் சிப்பாக இருக்கும். நுவோட்டன் என்றால் 'என்சிடி6775' என்ற டிரைவரை மோட்புரோப் கட்டளையால் ஏற்றிப் பாருங்கள். பெயரில் 6775 இருந்தாலும் அந்த வரிசையில் பின்னால் வந்த பல சிப்களுக்கும் அதே டிரைவர்தான். கிகாபைட் போர்டுகளில் ஐடிஈ சிப் அதிகம். அதற்கு 'ஐடி87' டிரைவர். கெர்னலோடு (லினக்ஸின் மையப்பகுதி) வரும் ஐடி87 புதிய சிப்கள் பலவற்றை அறியாது. அதே டிரைவரின் தனிப் பதிப்பை டிகேஎம்எஸ் (கெர்னல் மாறும்போதெல்லாம் டிரைவரைத் தானே மறுபடி கட்டித்தரும் வசதி) வழியாக நிறுவ வேண்டிவரும்.

டிரைவரை ஏற்றும்போது ஏசிபிஐ (மதர்போர்டின் மென்பொருளும் இயங்குதளமும் வன்பொருளைக் கையாளும் பொது விதிமுறை) முரண்பாடு என்று பிழை வந்தால், கெர்னலுக்கு 'ஏசிபிஐ என்ஃபோர்ஸ் ரிசோர்சஸ்' என்ற அளவுருவை 'லாக்ஸ்' என்று கொடுக்கச் சொல்லும் ஆலோசனை எங்கும் கிடைக்கும். அது வேலை செய்யும். ஆனால் பயாஸும் (மதர்போர்டில் உள்ள மென்பொருள்) லினக்ஸும் ஒரே சிப்பை ஒரே நேரத்தில் தொட அனுமதிக்கிறோம் என்பதுதான் அதன் பொருள். ஆசுஸ் போர்டு வைத்திருப்பவர்கள் முதலில் கெர்னலைப் புதுப்பித்துப் பார்க்கலாம், 5.17-லிருந்து பல ஆசுஸ் போர்டுகளில் இந்த முரண்பாடு இல்லாமலேயே நுவோட்டன் டிரைவர் ஓடுகிறது.

பட்டியலில் 'ஆக்ஸ்டின்' என்ற பெயர்களில் 127 டிகிரி, மைனஸ் 60 டிகிரி என்றெல்லாம் வரலாம். அந்த முனைகளில் சென்சாரே இணைக்கப்படவில்லை. விட்டுத்தள்ளுங்கள்.

இப்போது எண்களைப் படிப்போம். சும்மா இருக்கும்போது சூடு 40-லிருந்து 55-க்குள் இருந்து, ஃபேன் மட்டும் வேகமாக ஓடினால் பிரச்சினை வேகக் கட்டுப்பாட்டில். சும்மா இருக்கும்போதே 70-ஐத் தாண்டினால் ஒன்று யாரோ உள்ளே வேலை செய்துகொண்டிருக்கிறார்கள், அல்லது சூடு வெளியேற வழியில்லை. அறைச் சூட்டையும் கணக்கில் எடுங்கள். ஹீட்சிங்க் (சிபியுவின் மேல் உட்கார்ந்து சூட்டை வாங்கும் உலோகத் தகடுகள்) செய்வதெல்லாம் சிபியுவை அறையின் சூட்டுக்குப் பக்கத்தில் கொண்டுவர முயல்வதுதான். 22 டிகிரி ஏசி அறையில் ஒருவர் 60 டிகிரி என்று போட்ட படத்தை வைத்துக்கொண்டு, சித்திரை மாதத்தில் 36 டிகிரி அறையில் உட்கார்ந்து ஒப்பிட்டால் கணக்கு உதைக்கும். அதே ஹீட்சிங்க், அதே வேலை, அதே ஃபேன் வேகம் என்றால் உங்களுக்கு 74 வருவதுதான் முறை.

சூட்டை உண்டாக்குவது யார்

எச்டாப் அல்லது பிடாப்பைத் திறந்து சிபியு பயன்பாட்டின்படி வரிசைப்படுத்திச் சில நிமிடம் விட்டுப் பாருங்கள். வழக்கமான குற்றவாளிகள் சிலர் உண்டு. கேடிஈ திரைச்சூழலில் 'பலூ', க்னோமில் 'டிராக்கர்' (புதிய பதிப்புகளில் 'லோக்கல்சர்ச்') ஆகியவை கோப்புகளை அட்டவணைப்படுத்துபவை. நிறையக் கோப்புகளை நகலெடுத்த அன்று இவை மணிக்கணக்கில் ஓடும். அது முடிந்தால் தானே நிற்கும். தினமும் இதே கதை என்றால் ஏதோ ஒரு கோப்பில் சிக்கிக்கொண்டு திரும்பத் திரும்பச் சுற்றுகிறது. அந்தக் கோப்புறையை விலக்குப் பட்டியலில் சேர்த்துவிடலாம்.

உலாவியில் வீடியோ பார்க்கும்போது மட்டும் ஃபேன் அலறினால், வீடியோவை ஜிபியு (கிராஃபிக்ஸ் சிப்) விரிக்காமல் சிபியு விரிக்கிறது. லினக்ஸில் இது இன்றும் சகஜம். இன்டெல் கிராஃபிக்ஸ் என்றால் 'இன்டெல் ஜிபியு டாப்' என்ற கருவியைத் திறந்துவைத்து வீடியோவை ஓடவிடுங்கள். 'வீடியோ' என்ற வரி பூஜ்யத்திலேயே நின்றால் வன்பொருள் உதவி வேலை செய்யவில்லை. விஏ-ஏபிஐ (வீடியோ விரிக்கும் வேலையை ஜிபியுவிடம் ஒப்படைக்கும் வழி) டிரைவரை நிறுவி, உலாவி அமைப்பில் அதை இயக்கினால் பழைய லேப்டாப்புகளில் வித்தியாசம் காதிலேயே தெரியும்.

பலரும் கோட்டைவிடும் ஒன்றைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். எச்டாப்பில் உங்கள் நிரல் எதுவும் ஓடவில்லை, ஆனால் 'கேவொர்க்கர்' என்று தொடங்கும் ஒரு கெர்னல் வேலை ஒரு கோரை முழுசாகத் தின்றுகொண்டிருக்கிறது. எச்டாப்பில் கெர்னல் வேலைகள் மறைந்திருக்கலாம். பெரிய எழுத்து 'கே'யைத் தட்டினால் தெரியும். இதற்கு ஒரு பொதுவான காரணம், வன்பொருளில் ஏதோ ஒன்று ஓயாமல் ஏசிபிஐ குறுக்கீடுகளை (சிபியுவைக் கூப்பிடும் சைகைகள்) அனுப்பிக்கொண்டே இருப்பது. சரிபார்க்க 'சிஸ்' கோப்பு முறைமைக்குள் போய் இந்த இடத்தில் உள்ள கோப்புகளைப் படியுங்கள்:

/சிஸ்/ஃபர்ம்வேர்/ஏசிபிஐ/இன்டரப்ட்ஸ்/

'ஜிபிஈ' என்று தொடங்கும் பல கோப்புகள் இருக்கும். எல்லாவற்றிலும் பூஜ்யமோ சிறிய எண்ணோ இருக்க, ஒன்றில் மட்டும் லட்சக்கணக்கில் எண்ணிக்கை இருந்து, திரும்பப் படிக்கும்போதெல்லாம் எகிறினால் அதுதான் ஆள். அந்தக் கோப்பில் ரூட்டாக 'டிசேபிள்' என்று எழுதினால் அந்த நொடியே சிபியு அடங்கும், ஒரு நிமிடத்தில் ஃபேனும் அடங்கும். நிரந்தரமாக்க, கெர்னல் அளவுருக்களில் 'ஏசிபிஐ மாஸ்க் ஜிபிஈ' என்பதற்கு அந்த எண்ணைக் கொடுக்க வேண்டும். ஆனால் லேப்டாப் மூடியை மூடுவது, சார்ஜரைச் செருகுவது போன்றவற்றில் ஏதாவது ஒன்று அந்த ஜிபிஈயை நம்பியிருக்கலாம். நிறுத்திய பிறகு அவற்றை ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்த்துவிட்டு நிரந்தரமாக்குங்கள். பயாஸைப் புதுப்பித்தால் இது தானாகத் தீர்வதும் உண்டு, அதையே முதலில் செய்யலாம்.

தூசியும் பேஸ்ட்டும்

யாரும் ஓடவில்லை, ஆனாலும் சூடு என்றால் ஸ்க்ரூ டிரைவரை எடுக்க வேண்டும். லேப்டாப்பில் ஃபேனின் இறக்கையில் ஒட்டியிருக்கும் தூசி பெரிய விஷயமில்லை. ஃபேனுக்கும் செம்புத் தகடுகளுக்கும் நடுவில் கம்பளிபோல் படிந்திருக்குமே, அதுதான் காற்றை அடைப்பது. வெளியிலிருந்து ஊதினால் அது உள்ளேயே சுருண்டு கிடக்கும். பின்மூடியைக் கழற்றி, முடிந்தால் ஃபேனையும் கழற்றி, அந்தப் படலத்தை அப்படியே பிடுங்கி எடுப்பதுதான் சரி. ப்ளோயர் வைத்து ஊதும்போது இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். விட்டால் அது தன் எல்லை வேகத்தைத் தாண்டிச் சுற்றி பேரிங்கைக் கெடுத்துக்கொள்ளும்.

தெர்மல் பேஸ்ட் (சிபியுவுக்கும் ஹீட்சிங்க்குக்கும் நடுவில் பூசுவது) காய்ந்திருந்தால் அதற்கு ஒரு தெளிவான அடையாளம் உண்டு: வேலை கொடுத்த ஓரிரு விநாடியில் சூடு 50-லிருந்து 90-க்குப் பாயும், வேலையை நிறுத்தியதும் அதே வேகத்தில் விழும். சூடு ஹீட்சிங்க்குக்குப் போய்ச்சேரவே இல்லை என்பதுதான் அதன் பொருள். தூசி அடைப்பில் அப்படி இருக்காது. மெதுவாக ஏறும், மெதுவாகத்தான் இறங்கும். பழைய பேஸ்ட்டை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்துப் புதிதாக வையுங்கள்.

பயாஸில் முடிந்தால் பயாஸிலேயே

டெஸ்க்டாப் வைத்திருப்பவர்களுக்கு என் அபிப்பிராயம்: பயாஸில் செய்ய முடிந்ததை லினக்ஸில் செய்யாதீர்கள். லினக்ஸ் உறைந்துபோனாலும், டிரைவர் ஏறாவிட்டாலும், வேறு இயங்குதளம் போட்டாலும் பயாஸ் கர்வ் (எந்தச் சூட்டுக்கு எந்த வேகம் என்று சொல்லும் கோடு) தன் வேலையைப் பார்க்கும். ஆசுஸில் 'கியூ-ஃபேன்', கிகாபைட்டில் 'ஸ்மார்ட் ஃபேன்' என்று பெயர்.

உள்ளே போனதும் முதலில் பார்க்க வேண்டியது ஃபேனின் முறை. நான்கு பின் (கனெக்டர் முனை) ஃபேன்களுக்கு பிடபிள்யூஎம், மூன்று பின் ஃபேன்களுக்கு டிசி. நான்கு பின் ஃபேனுக்கு எப்போதும் முழு 12 வோல்ட் போகும். வேகத்தைத் தனிக் கம்பியில் சுமார் 25 கிலோஹெர்ட்ஸ் துடிப்புகள் முடிவுசெய்யும். மூன்று பின் ஃபேனில் அந்தக் கம்பியே இல்லை, வோல்டேஜைக் குறைத்தால்தான் வேகம் குறையும். மூன்று பின் ஃபேனைச் செருகிவிட்டு முறையை பிடபிள்யூஎம்மில் வைத்தால் அது வாழ்நாள் முழுக்க முழு வேகத்தில்தான் ஓடும். 'என்ன செய்தாலும் கேபினட் ஃபேன் குறையவே மாட்டேன் என்கிறது' என்பவர்கள் இதை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

அடுத்தது கர்வ். காதை உறுத்துவது சத்தத்தின் அளவைவிட அதன் ஏற்ற இறக்கம். தூங்கும் அறையில் ஒரே சீராக ஓடும் சீலிங் ஃபேன் நம்மை எழுப்புவதில்லை. கணினி ஃபேன் 700 சுற்றில் இருந்து திடீரென்று 1400-க்குப் போய், ஐந்து விநாடியில் திரும்பி வந்து, மறுபடி போனால்தான் எரிச்சல். இன்றைய சிபியுக்கள் உலாவியில் ஒரு டேப் திறந்தாலே ஒரு விநாடிக்குள் 45-லிருந்து 70-க்குத் தாவி இறங்கும். அந்தத் தாவலை ஃபேன் துரத்திக்கொண்டு ஓட வேண்டிய அவசியமே இல்லை. அவ்வளவு சின்னச் சூட்டை ஹீட்சிங்க்கின் உலோகம் தானே வாங்கிக்கொள்ளும்.

ஆகவே 65 டிகிரி வரை கோட்டைத் தட்டையாக வையுங்கள், 30 அல்லது 35 சதவீதத்தில். அதற்கு மேல் 75-க்கு 60 சதவீதம், 85-க்கு 100 சதவீதம் என்று ஏறட்டும். 'ஸ்டெப் அப்', 'ஸ்டெப் டவுன்' என்று தாமதம் கொடுக்கும் வசதி இருந்தால் அதை இருப்பதிலேயே அதிகமாக வையுங்கள். இதைச் செய்தாலே டெஸ்க்டாப்பில் பாதிப் பேருக்குப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

வேகத்தைக் குறைப்பதில் ஆதாயமும் பெரிது. வேகம் பாதியானால் காற்றும் ஏறக்குறைய பாதியாகும், ஆனால் சத்தம் சுமார் 15 டெசிபெல் குறையும். ஒரே மாதிரி இரண்டு ஃபேன் சேர்ந்து ஓடினால் கூடுவது 3 டெசிபெல்தான். ஒரு ஃபேனை வேகமாக ஓட்டுவதைவிட இரண்டை மெதுவாக ஓட்டுவது எப்போதும் லாபம்.

லினக்ஸிலிருந்து கட்டுப்படுத்துவது

பயாஸில் போதவில்லை என்றால் இங்கே வாருங்கள். உதாரணமாக, கேபினட் ஃபேன் சிபியு சூட்டை மட்டும் பார்க்கிறது, ஆனால் உங்களுக்கு ஜிபியு சூட்டையும் பார்க்க வேண்டும். பயாஸுக்கு ஜிபியு சூடு பொதுவாகத் தெரியாது.

அடிப்படையைப் புரிந்துகொண்டால் எல்லாக் கருவிகளும் புரியும். கெர்னல் ஒவ்வொரு சென்சார் சிப்பையும் /சிஸ்/கிளாஸ்/எச்டபிள்யூமான்/ என்ற இடத்தில் ஒரு கோப்புறையாகக் காட்டுகிறது. உள்ளே 'ஃபேன்1 இன்புட்' என்பது சுற்று வேகம். 'டெம்ப்1 இன்புட்' என்பது சூடு, டிகிரியில் ஆயிரத்தில் ஒரு பங்கில். 45000 என்றால் 45 டிகிரி. 'பிடபிள்யூஎம்1' என்பது 0-லிருந்து 255 வரை ஓர் எண், ஃபேனுக்குப் போகும் கட்டளை. 'பிடபிள்யூஎம்1 எனேபிள்' என்பதில் 1 இருந்தால் கட்டுப்பாடு உங்கள் கையில். 2 அல்லது அதற்கு மேல் இருந்தால் சிப்பின் கையில். 0 என்றால் பொதுவாக முழு வேகம். எதையும் மாற்றும் முன் அதில் இப்போது என்ன எண் இருக்கிறது என்று குறித்துவைத்துக்கொள்ளுங்கள். திரும்பப் போக வேண்டுமானால் அந்த எண்ணை எழுதினால் போதும்.

பழைய, நம்பகமான வழி 'ஃபேன்கன்ட்ரோல்'. டெபியன் வகைகளில் அதே பெயரில் தனித் தொகுப்பு. முதலில் ரூட்டாக 'பிடபிள்யூஎம்கான்ஃபிக்' ஓட்டுங்கள். அது ஒவ்வொரு கட்டுப்பாட்டையும் பூஜ்யமாக்கி ஐந்து விநாடி காத்திருந்து, எந்த ஃபேன் நிற்கிறது என்று பார்த்து எது எதனுடன் சேர்ந்தது என்று கண்டுபிடிக்கும். ஃபேன்கள் நின்றுபோவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்; ஆனால் அந்த நேரத்தில் கனமான வேலை எதுவும் ஓடக்கூடாது. முடிவில் அது /ஈடிசி/ஃபேன்கன்ட்ரோல் என்ற கோப்பை எழுதும். அதில் திருத்த வேண்டியவை இவை:

மின்டெம்ப்: இந்தச் சூட்டுக்குக் கீழே ஃபேன் மிகக் குறைந்த வேகத்தில். 50 நல்ல தொடக்கம்.
மேக்ஸ்டெம்ப்: இதற்கு மேல் முழு வேகம். 80 வையுங்கள்.
மின்ஸ்டாப்: சுற்றிக்கொண்டிருக்கும் ஃபேன் நின்றுவிடாமல் இருக்க வேண்டிய குறைந்தபட்ச எண்.
மின்ஸ்டார்ட்: நின்றிருக்கும் ஃபேன் கிளம்ப வேண்டிய எண்.

கடைசி இரண்டும் ஏன் தனித்தனி என்றால், ஓடும் ஃபேனை ஓடவைப்பதைவிட நிற்கும் ஃபேனைக் கிளப்ப அதிக விசை வேண்டும். கருவி கண்டுபிடித்துக் கொடுத்த எண்ணுக்கு மேல் ஒரு 20 கூட்டிக்கொள்ளுங்கள். தூசி படியப் படிய அந்த எல்லை ஏறும். கூடவே 'ஆவரேஜ்' என்ற வரி புதிய பதிப்புகளில் உண்டு. கடைசிச் சில அளவீடுகளின் சராசரியை எடுத்துக்கொள்ளச் சொல்வது அது. 3 அல்லது 5 வைத்தால், முன்பு சொன்ன தாவல்களை ஃபேன் துரத்தாது. பிறகு சிஸ்டம்சிடிஎல் கட்டளையால் ஃபேன்கன்ட்ரோல் சேவையை இயக்குங்கள்.

படமாகப் பார்த்துச் செய்ய விரும்புபவர்களுக்கு 'கூலர்கன்ட்ரோல்' இருக்கிறது. கோட்டை மவுஸால் இழுத்து வரையலாம். சிபியு, ஜிபியு இரண்டில் எது அதிகமோ அதைப் பின்பற்று என்று கலவைப் புரொஃபைல் போடலாம். புதிதாகத் தொடங்குபவர்களை நான் இதற்குத்தான் அனுப்புவேன்.

அமைத்து முடித்ததும் சோதிக்காமல் விடாதீர்கள். 'ஸ்ட்ரெஸ்-என்ஜி' நிறுவி, சிபியு எண்ணிக்கைக்கு 0 கொடுத்தால் எல்லாக் கோர்களையும் ஓட்டும். பத்து நிமிடம் விடுங்கள். சூடு ஓரிடத்தில் ஏறி நிலைபெற வேண்டும். இன்டெல் சிபியுக்களுக்கு எல்லை பெரும்பாலும் 100 டிகிரி. ஏஎம்டியின் ரைசன் 7000 டெஸ்க்டாப் சிப்களில் பல முழு வேலையில் 95 வரை போகும்படியே வடிவமைக்கப்பட்டவை, அங்கே 95 என்பது கோளாறு அல்ல. மற்றபடி 90-ஐத் தாண்டினால் கோட்டைக் கொஞ்சம் உயர்த்துங்கள்.

லேப்டாப் தனிக் கதை

லேப்டாப்பில் ஃபேனை ஆள்வது எம்பெடட் கன்ட்ரோலர் என்ற தனிச் சிப். பெரும்பாலான மாடல்களில் அது லினக்ஸ் பேச்சைக் கேட்காது. அதனால் ஃபேனை விட்டுவிட்டுச் சூட்டைக் குறைப்பதுதான் இங்கே முதல் வழி.

/சிஸ்/ஃபர்ம்வேர்/ஏசிபிஐ/ என்ற இடத்தில் 'பிளாட்ஃபார்ம் புரொஃபைல்' என்ற கோப்பு இருக்கிறதா பாருங்கள். கெர்னல் 5.12-லிருந்து வரும் வசதி இது. இருந்தால் 'பவர்புரொஃபைல்ஸ்சிடிஎல்' கட்டளையாலோ, க்னோம், கேடிஈ இரண்டின் பேட்டரி மெனுவிலோ 'பவர் சேவர்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். பல மாடல்களில் இது கன்ட்ரோலரின் ஃபேன் அட்டவணையையே மாற்றிவிடும்.

அடுத்தது டர்போவை (சிபியு தற்காலிகமாகக் கூடுதல் வேகத்துக்குப் போவது) நிறுத்துவது. இன்டெல்லில் இன்டெல் பிஸ்டேட் கோப்புறையில் உள்ள 'நோ டர்போ' கோப்பில் 1 எழுத வேண்டும். ஏஎம்டியில் சிபியுஃப்ரீக் கோப்புறையில் உள்ள 'பூஸ்ட்' கோப்பில் 0. மேல் வேகங்களில் வோல்டேஜும் கூடுவதால், கடைசிக் கொஞ்ச வேகத்துக்குச் சிபியு மிக அதிக மின்சாரம் தின்னும். கட்டுரை எழுதுவது, வலை பார்ப்பது போன்ற வேலைகளில் டர்போ இல்லாததை நீங்கள் கவனிக்கக்கூட மாட்டீர்கள். ஃபேன் கவனிக்கும்.

நேரடிக் கட்டுப்பாட்டில் திங்க்பேட் வைத்திருப்பவர்கள் பாக்கியசாலிகள். 'திங்க்பேட் ஏசிபிஐ' டிரைவருக்கு 'ஃபேன் கன்ட்ரோல்' என்ற தேர்வை 1 என்று கொடுத்து ஏற்றினால், 0 முதல் 7 வரை நிலைகளை நீங்களே அமைக்கலாம். 'திங்க்ஃபேன்' சேவை அதைச் சூட்டுக்கு ஏற்ப நடத்தும். அதன் கோப்பில் நிலைகளை ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி எழுத வேண்டும்: நிலை 0 என்பது 50 வரை, நிலை 2 என்பது 45-லிருந்து 60 வரை, நிலை 4 என்பது 55-லிருந்து 70 வரை என்பதுபோல். அந்த ஐந்து டிகிரி மேலடுக்கு இல்லாவிட்டால் 50-க்கும் 51-க்கும் நடுவில் ஃபேன் நின்று நின்று ஓடிக்கொண்டிருக்கும். கடைசி நிலையை 7 என்றோ, தானியங்கி என்று விட்டோ முடியுங்கள்.

டெல்லில் 'டெல்-எஸ்எம்எம்' டிரைவர் உண்டு. ஆனால் சில மாடல்களில் நாம் எழுதியதைப் பயாஸ் உடனே மாற்றி எழுதிவிடும். மற்ற பிராண்டுகளுக்கு 'என்பிஎஃப்சி-லினக்ஸ்' பல மாடல்களின் அமைப்புக் கோப்புகளோடு வருகிறது. உங்கள் மாடல் பெயர் அப்படியே இருந்தால் மட்டும் பயன்படுத்துங்கள். 'கிட்டத்தட்ட அதே மாடல்' என்று ஒன்றைப் போட்டால், கன்ட்ரோலரில் வேறு எதற்கோ உரிய இடத்தில் எழுதிவிடக்கூடும்.

கிராஃபிக்ஸ் அட்டை

ஏஎம்டி அட்டைகள் மற்றச் சென்சார்களைப் போலவே எச்டபிள்யூமானில் தெரியும். ஆனால் ஆர்எக்ஸ் 7000 வரிசையில் பிடபிள்யூஎம் கோப்பில் நேரடியாக எண் எழுதுவது வேலை செய்யாது, கெர்னல் 6.7-லிருந்து ஃபேன் கர்வ் என்று தனிக் கோப்பு வந்திருக்கிறது. இதையெல்லாம் கையால் செய்யத் தேவையில்லை. 'லாக்ட்' என்ற கருவியை நிறுவினால், ஓவர்டிரைவை (அட்டையின் அமைப்புகளை மாற்றும் அனுமதி) இயக்கும் பொத்தானும் கர்வ் வரையும் இடமும் அதிலேயே உண்டு. என்விடியா அட்டைக்கு, நிறுவனத்தின் டிரைவர் இருந்தால், கூலர்கன்ட்ரோலும் லாக்ட்டும் போதும். லேப்டாப்பில் உள்ள என்விடியாவில் ஃபேனைத் தொட அநேகமாக அனுமதி இருக்காது. மின் வரம்பை மாற்ற விடும் அட்டை என்றால் அதை 10, 15 சதவீதம் குறைத்துப் பாருங்கள். விளையாட்டில் வேகம் கொஞ்சம்தான் குறையும், சத்தம் நன்றாகவே குறையும்.

தூங்கி எழுந்ததும், கெர்னல் மாறியதும்

எல்லாம் சரியாக ஓடி, ஒருநாள் திடீரென்று பழைய இரைச்சல் திரும்பினால் இரண்டு இடங்களைப் பாருங்கள்.

முதலாவது, சஸ்பெண்ட். கணினி தூங்கி எழும்போது பல போர்டுகள் ஃபேன் கட்டுப்பாட்டைத் திரும்பத் தம் கைக்கு எடுத்துக்கொள்ளும். ஃபேன்கன்ட்ரோலுக்கு அது தெரியாமல் போகலாம். சிஸ்டம்டியின் (சேவைகளை நடத்தும் லினக்ஸ் பகுதி) 'சிஸ்டம்-ஸ்லீப்' கோப்புறையில் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் வைத்து, எழும்போது அந்தச் சேவையை மறுதொடக்கம் செய்ய வைத்தால் சரியாகிவிடும்.

இரண்டாவது, எச்டபிள்யூமான் எண்கள். நேற்று எச்டபிள்யூமான்2 ஆக இருந்த நுவோட்டன் சிப், கெர்னல் புதுப்பித்த பிறகோ ஒரு புதிய எஸ்எஸ்டி செருகிய பிறகோ எச்டபிள்யூமான்4 ஆகிவிடும். ஃபேன்கன்ட்ரோல் தன் கோப்பில் சாதனத்தின் பெயரையும் எழுதிவைத்திருப்பதால், பெயர் பொருந்தவில்லை என்றால் தவறான சிப்பில் எழுதாமல் 'அமைப்பு பழையதாகிவிட்டது' என்று சொல்லி நின்றுவிடும். சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ் போட்டால் அந்தச் செய்தி தெரியும். பிடபிள்யூஎம்கான்ஃபிக்கை மறுபடி ஓட்டலாம். ஆனால் நீங்கள் திருத்திய எண்களெல்லாம் போய்விடும், ஆகவே பழைய கோப்பை நகலெடுத்து வைத்துவிட்டு ஓட்டுங்கள். அல்லது கோப்பைத் திறந்து பழைய எண் வரும் இடத்திலெல்லாம் புதியதைப் போட்டுவிட்டுச் சேவையை மறுபடி தொடங்கினாலும் போதும். சாதனத்தின் பாதை எழுதியிருக்கும் வரியையும் அப்போதே ஒருமுறை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.